கிருஷ்ணராசா மாஸ்டருக்கு எடுத்த விழா

உலக வரலாற்றில் மனிதன் கண்டுபிடித்தவற்றுள் நெருப்பு முதலாவது, சில்லு இரண்டாவது, லண்டனில் இயங்கும் பழைய மாணவர் சங்கம் மூன்றாவது. முதல் இரண்டும் இல்லாமற் போனால் மனிதன் எப்படியாவது சமாளித்துக்கொள்வான். மூன்றாவது இல்லாமற் போனால் அவனுக்குப் பொன்னாடை போர்த்த ஆள் இருக்காது.

இந்தப் பேருண்மையை முழுதாக உணர்ந்தவர், கொன்றையடிக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ஐக்கிய இராச்சியக் கிளைத் தலைவர் திரு. இராஜேந்திரன். மோர்டனில் அவருக்கு இரண்டு கடைகளும் ஒரு பெற்றோல் நிலையமும் உண்டு. அவை வயிற்றுக்கு. சங்கம் ஆன்மாவுக்கு. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவரே "ஏகமனதாக"த் தலைவராகத் தெரிவாகி வருகிறார். தேர்தல் என்று ஒன்றை வைத்து உறுப்பினர்களுடைய ஒற்றுமையைக் குலைக்க அவர் ஒருபோதும் சம்மதித்ததில்லை.

அப்படிப்பட்டவருக்குச் சென்ற சித்திரையில் ஒரு பேரிடி விழுந்தது. அயலூர்க் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம், தங்களுடைய முதலாவது கிரிக்கெட் வீரரைத் தேடிப் பிடித்து, சவுத்தாலில் மண்டபம் எடுத்துப் பாராட்டு விழா நடத்திவிட்டது. தொண்ணூறு தாண்டிய அந்தப் பெரியவரைப் பஞ்சாபிக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் வெள்ளைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தனக்குத்தான் கல்யாணம் என்று அவர் வழிநெடுகக் கொஞ்சம் கவலைப்பட்டதாகக் கேள்வி. அழைப்பின் பேரில் போன இராஜேந்திரன், முன்வரிசையில் இருந்து பார்த்து, அவர்களுடைய ரோல்ஸைத் தின்று, நெஞ்செரிச்சலோடு வீடு திரும்பினார். ரோல்ஸ்தான் காரணம் என்று மனைவி ஜெகதீஸ்வரி நினைத்தார். குதிரைதான் காரணம் என்பது இராஜேந்திரனுக்கு மட்டுமே தெரியும்.

மறுநாளே "அவசர நிர்வாகசபைக் கூட்டம்" கடையின் மேல்மாடியில், கிறிஸ்ப்ஸ் பெட்டிகளுக்கு நடுவே கூடியது.

"அவை கிரிக்கெட்டைப் பிடிச்சிட்டினம். நாங்கள் எதைப் பிடிக்கிறது?" என்று தலைவர் கேட்டார்.

"எங்களுக்கு உதைபந்தாட்டம் இருக்குத்தானே, அண்ணை," என்றார் செயலாளர் நிரூபன். அவர் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை செய்பவர். எந்தப் பிரச்சினையையும் படம் போட்டுத் திரையில் காட்டினால் அது பாதி தீர்ந்துவிடும் என்று நம்புபவர்.

"சரி. அப்ப எங்கடை கல்லூரியின்ரை முதல் உதைபந்தாட்ட வீரர் ஒராள் வேணும். கெதியா வேணும்."

"உயிரோடையோ, அண்ணை?"

தலைவர் சிறிது யோசித்தார். "உயிரோடை எண்டால் நல்லம். படத்துக்குப் பொன்னாடை போர்த்தினால் வழுக்கி விழுந்திடும்."

அப்போதுதான் கலாசாரச் செயலாளர் துசியந்தி அந்த நற்செய்தியைச் சொன்னார். அவருடைய வீட்டுக்கு நாலு வீடு தள்ளி கிருஷ்ணராசா மாஸ்டர் என்று ஒருவர் இருக்கிறார். எண்பதை எட்டிப் பிடிக்கும் வயது. கொன்றையடிக் கல்லூரியின் முதலாவது அணியில் விளையாடியவர். பின்பு அதே கல்லூரிக்கு விளையாட்டு மாஸ்டராக வந்து அணியைப் பயிற்றியவர். அது போதாதென்று தட்டெறியும் வீரர்.

"ஒராளிட்டையே மூண்டுமோ!" தலைவரின் குரல் தழுதழுத்தது. அயலூரான் மூன்று துறைக்கு ஆள் பிடிப்பதென்றால் மூன்று குதிரை வண்டி பிடிக்கவேண்டும். கொன்றையடிக்கு ஒரே ஆளில் காரியம் முடிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை தலைவரும் செயலாளரும் பழக்கூடையோடு மாஸ்டர் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவர் நெடிய, மெலிந்த மனிதர். உடம்பில் மிச்சமெல்லாம் வற்றியிருந்தாலும் கைகள் மட்டும் வற்றாமல், தாச்சிச்சட்டி மூடி அளவில் விரிந்திருந்தன. அவர் இராஜேந்திரனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் வைத்திலிங்கத்தாற்றை மகன் எல்லோ?"

"ஓம் மாஸ்டர்! அப்பாவைத் தெரியுமோ?"

"நல்லாத் தெரியும்," என்றார் மாஸ்டர்.

தன் தந்தைக்கு இத்தனை வருடம் கழித்தும் மோர்டனில் இப்படியொரு மதிப்பு இருப்பதை எண்ணி இராஜேந்திரன் பூரித்துப்போனார்.

மாஸ்டரின் மனைவி தவமலர் தேத்தண்ணி கொண்டுவந்தார். நிரூபன் மடிக்கணினியை விரித்தார்.

"மாஸ்டர், உங்கடை விளையாட்டு வாழ்க்கையைச் சுருக்கமாச் சொல்லுங்கோ. சிறப்பு மலருக்கு."

"சுருக்கமாத்தான் சொல்ல ஏலும், தம்பி. அது சுருக்கமான வாழ்க்கை. கல்லூரியிலை முதன்முதலா ஒரு டீம் சேர்த்தாங்கள். ஆள் காணாதெண்டு என்னையும் பிடிச்சுக் கோலுக்கை விட்டாங்கள். முதல் மாட்ச்சிலை ஒன்பது கோல்."

"அடிச்சதோ?"

"வாங்கினது."

'ஒன்பது கோல்கள் கண்ட வரலாற்று ஆட்டத்தின் நாயகன்' என்று நிரூபன் தட்டெழுதினார். ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

"தட்டு?"

மாஸ்டரின் முகம் மாறியது. "தட்டு எனக்கு நல்லா வரும். முதல் தட்டு எங்கடை ஊர்த் தச்சர் பாலை மரத்திலை கடைஞ்சு, வண்டில் பட்டத்து இரும்பாலை விளிம்பு கட்டித் தந்தது. அதோடை கொழும்புக்குப் போய் அகில இலங்கைப் போட்டியிலை ரெண்டாம் இடம் வந்தனான்."

"ரெண்டாம் இடம் மலருக்குச் சரிவராது," என்றார் தலைவர் மென்மையாக. "'முதலிடத்துக்கு மிக நெருக்கமாக வந்தார்' எண்டு போடுவம்."

"பயிற்றுநரா எவ்வளவு காலம், மாஸ்டர்?"

"நாலு வரியம்."

"ஏன் விட்டனீங்கள்?"

மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார். "தனிப்பட்ட காரணம்தான்," என்று தவமலர் பதில் சொன்னார். "ஆனால் அது இவரின்ரை காரணம் இல்லை."

நிரூபன் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை நிரூபன் அந்தக் குறிப்புகளைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்தார். மனித அறிவு செய்யத் தயங்குவதை அது தயங்காமல் செய்யும் என்பது நாமறிந்ததே. இமைப்பொழுதில் மூன்று பக்க வாழ்க்கை வரலாறு வந்து நின்றது. அதன்படி மாஸ்டர் "ஈழத்துத் தட்டெறிதலின் தந்தை", மியூனிச் ஒலிம்பிக்கை "மயிரிழையில் தவறவிட்ட மாவீரர்."

அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது மாஸ்டர் குறுக்கிட்டார். "தம்பி, மியூனிச்சை நான் மயிரிழையிலை தவறவிடேல்லை. அந்த நேரம் நான் கொன்றையடி மைதானத்திலை சாம்பலாலை கோடு கீறிக்கொண்டு நிண்டனான்."

விவகாரம் தலைவரிடம் போனது. "'மயிரிழை'யை வெட்டிப்போட்டு 'தவறவிட்டவர்' எண்டு மட்டும் போடும்," என்று தீர்ப்பளித்தார் இராஜேந்திரன். "நாங்கள் எல்லாரும் தவறவிட்டதுதானே. அதிலை என்ன பொய்?"

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. விழாவுக்கு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று குறித்தாயிற்று. மோர்டனில் ஒரு பாடசாலை மைதானம். "அமரர் வைத்திலிங்கம் ஞாபகார்த்த விளையாட்டு விழாவும் வாழ்நாள் சாதனையாளர் பாராட்டும்". தலைவரின் தந்தையினுடைய படம் ஆள் உயரத்துக்கு இரு மடங்கில் அச்சாகிக்கொண்டிருந்தது. குதிரையை வெல்ல ஒரு காட்சி மட்டும் வேண்டியிருந்தது. மாஸ்டர் மைதானத்தின் நடுவில் நின்று, அடையாளத்துக்கு ஒருமுறை தட்டெறிய வேண்டும் என்று தலைவர் தீர்மானித்தார். காப்புறுதிச் சிக்கல் வரும் என்று நிரூபன் எச்சரித்தார். தட்டு என்றால் கடதாசித் தட்டும் தட்டுத்தானே என்றும் ஒரு வழி சொன்னார்.

"கடதாசித் தட்டிலை வடை வைச்சுத் தாரும், தின்னுறன்," என்றார் மாஸ்டர் தொலைபேசியில். "எறியிறதெண்டால் உண்மைத் தட்டு. ஆனால் விழுற இடத்திலை குறி வைக்க எனக்கு ஒராள் வேணும்."

"சங்கத்திலை எத்தினை பேர் இருக்கினம், மாஸ்டர்."

"இல்லை. தம்பிமுத்து வரவேணும்."

இராஜேந்திரன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

இங்கே கொன்றையடியின் புவியியலைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஊருக்கு நடுவே ஒரு குளம். குளத்துக்கு இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் கல்லூரியைக் கட்டியவர்கள். அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் கல்லூரிக்குக் கல் சுமந்தவர்கள். 'கட்டுதல்', 'சுமத்தல்' என்ற இரு வினைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொன்றையடிப் பிள்ளைகள் இலக்கணம் படிக்க முன்னரே அறிந்திருந்தார்கள். மற்றபடி ஊரில் எந்தப் பாகுபாடும் இருந்ததில்லை. குளத்துத் தண்ணீர்கூட இரு பக்கத்திலும் ஒரே நிறந்தான்.

தம்பிமுத்து அந்தப் பக்கத்தவர். மாஸ்டரின் அணியில் முன்வரிசையில் விளையாடியவர். இடது காலால் அவர் அடிக்கும் பந்து வளைந்துபோய்க் கோலுக்குள் விழும்போது, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்திய சிறுவர்களில் பத்து வயது இராஜேந்திரனும் ஒருவர். ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது, "நானும் தம்பிமுத்து மாதிரி அடிப்பன்," என்று சொல்லிவிட்டார். தகப்பன் வைத்திலிங்கம் சோற்றுக் கையாலேயே அறைந்தார். அதன் பிறகு இராஜேந்திரனுக்கு உதைபந்தாட்டத்தில் இருந்த ஆர்வம் நிர்வாகத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

"எந்தத் தம்பிமுத்து?" என்று தலைவர் தெரியாதவர்போல் கேட்டார்.

"எங்கடை கப்டன் முத்துதான். பிரான்சிலை கன காலம் இருந்திட்டு இப்ப இஞ்சை மனோர் பார்க்கிலை இருக்கிறான். வீடுகளுக்கு ஹீட்டிங் பூட்டுற வேலை. உங்கடை வீட்டு பொயிலரையும் அவன்தானே பாக்கிறவன். உமக்குத் தெரியாதோ?"

இராஜேந்திரன் வீட்டுக்கு வந்து இந்தச் செய்தியை மனைவியிடம் சொன்னார். ஜெகதீஸ்வரி கதிரையில் இருந்துவிட்டார்.

"எங்கடை பொயிலர் முத்து அண்ணையோ? அந்தப் பக்கமோ?"

"ஓம்."

"நாலு வரியமா வாறார். வரேக்கை எல்லாம் தேத்தண்ணி குடுத்தனான்!"

"எந்தக் கோப்பையிலை?"

ஜெகதீஸ்வரி கணவனின் கையைப் பார்த்தார். "இப்ப நீங்கள் குடிச்சுக்கொண்டிருக்கிறதிலை."

இராஜேந்திரன் கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார். அவர் பாகுபாடு பார்ப்பவர் அல்லர். தேத்தண்ணி ஆறிவிட்டது, அவ்வளவுதான்.

மேசையின் மறுமுனையில் பல்கலைக்கழகப் பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் பிரசாந்தினி தலையை நிமிர்த்தினாள். "அப்பா, என்ன பக்கம்? எதுக்கு அந்தப் பக்கம்?"

"குளத்துக்கு அந்தப் பக்கம், பிள்ளை."

"மோர்டனிலை எங்கை குளம்?"

இந்தக் கேள்விக்கு விடை காணப்படாத நிலையில் இரண்டாவது "அவசர நிர்வாகசபைக் கூட்டம்" கூட்டப்பட்டது. கதவு சாத்தப்பட்டது. பேச்சில் சாதி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. அந்த அளவுக்குப் பண்பட்ட கூட்டம் அது.

"நாங்கள் வித்தியாசம் பாக்கிறேல்லை," என்று தலைவர் தொடங்கினார். "அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் விழாவுக்குப் பாக்கிற ஆக்களும் வருவினம். அவையின்ரை மனத்தையும் நாங்கள் பாக்கவேணும். பாக்கிறவையை நாங்கள் ஒதுக்கினால் அதுவும் ஒரு பாகுபாடுதானே?"

இந்தத் தத்துவத்தின் ஆழத்தில் சபை சிறிது நேரம் மூழ்கியிருந்தது.

"அப்ப அவரைக் கூப்பிடாமல் விடுவமோ?" என்று துசியந்தி கேட்டார்.

"கூப்பிடாட்டில் மாஸ்டர் வரமாட்டார். மாஸ்டர் வராட்டில் அயலூரான் சிரிப்பான்."

அப்போது நிரூபனுக்கு வங்கியில் படித்த பாடம் கைகொடுத்தது. "அண்ணை, இதைப் பிரச்சினையாப் பாக்காமல் வாய்ப்பாப் பாப்பம். அவரை 'விசேட அதிதி' ஆக்குவம். தனிக் கூடாரம். தனி மேசை. தனிச் சாப்பாடு. சுத்திவரக் கயிறு. ஒருதரும் கிட்டப் போய்க் கரைச்சல் குடுக்க ஏலாது."

இராஜேந்திரன் எழுந்துபோய் அவரைக் கட்டிப்பிடித்தார். தலைவருக்கே கிடைக்காத மரியாதை! இதற்கு மேலும் சங்கத்தைக் குறை சொல்பவன் மனிதனாக இருக்க முடியாது.

விழா நாள் வந்தது. வானம் கறுத்திருந்தாலும் மழை பெய்யவில்லை. நுழைவாயிலில் அமரர் வைத்திலிங்கம் வேட்டி சால்வையோடு இரு மடங்கு உயரத்தில் நின்று எல்லோரையும் வரவேற்றார். முன்வரிசையில் வெல்வெட் கதிரைகள். அதன் பின்னால் பிளாஸ்ரிக் கதிரைகள். மைதானத்தின் கோடியில், கழிவறைப் பெட்டிக்குச் சற்று இப்பால், வெள்ளைக் கூடாரம் ஒன்று.

தம்பிமுத்து தன்னுடைய வேலை வானை ஓட்டிக்கொண்டு மனைவி சுசிலாவோடு வந்து இறங்கினார். எழுபது வயதுக்குக் கால்கள் இன்னும் உருண்டு திரண்டிருந்தன. அவரை வரவேற்கத் தலைவரே நேரில் போனார். பதவிக்குரிய கம்பீரத்தோடுதான் போனார். ஆனால் கிட்டப் போனதும் அவர் கண்கள் தம்மையறியாமல் அந்த இடது காலைப் பார்த்தன.

"வாங்கோ அண்ணை, வாங்கோ. உங்களுக்கு அங்கை விசேடமா ஒழுங்கு செய்திருக்கிறம்."

தம்பிமுத்து கூடாரத்தைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். கயிற்றில் தொங்கிய "விசேட அதிதி" அட்டையைப் பார்த்தார்.

"எங்களுக்கு மட்டுமோ?"

"ஓம் அண்ணை. விஐபி."

தம்பிமுத்து மனைவியின் பக்கம் திரும்பினார். "பாத்தீரே சுசிலா. ஊரிலை கோயில் வீதிக்கு வெளியிலை, பள்ளிக்கூடத்திலை கடைசி மூலையிலை, தேத்தண்ணிக் கடைக்குப் பின்பக்கத்திலை எல்லாம் இவை எங்களை விஐபியாத்தான் வைச்சிருந்திருக்கினம். எனக்குத்தான் இவ்வளவு நாளும் விளங்கேல்லை."

தலைவர் பெரிதாகச் சிரித்தார். நகைச்சுவை உணர்வுள்ள மனிதர் என்று மனதில் குறித்துக்கொண்டார். அவர்களை உள்ளே இருத்தினார். திரும்பி நடக்கையில் அவருடைய காது மட்டும் சுட்டது.

மாஸ்டரும் தவமலரும் வந்தார்கள். நாதஸ்வரம் பதிவுநாடாவில் முழங்கியது. மாஸ்டருக்குத் தலைப்பாகை சூட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், முன்வரிசையின் நடுக் கதிரையைக் காட்டினார்கள். மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்து, கோடியில் இருந்த கூடாரத்தைக் கண்டுபிடித்தார். பின்னால் இருந்த பிளாஸ்ரிக் கதிரைகளில் இரண்டை எடுத்து, ஒன்றைத் தான் தூக்கி, மற்றதைத் தவமலரிடம் கொடுத்து, மைதானத்தைக் குறுக்கே நடந்து கடந்து, கயிற்றைத் தாண்டி உள்ளே போய் இருந்தார்.

சபை குழம்பியது. பாராட்டப்படுபவர் இல்லாத மேடைக்கு முன்னால் பாராட்டுரைகள் தொடங்கின. ஒருவர் ஒன்பது கோலைப் புகழ்ந்தார். இன்னொருவர் மியூனிச்சை நினைத்துக் கண் கலங்கினார். கடைசியாகத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இப்பொழுது எமது தட்டெறி வேந்தர் கிருஷ்ணராசா மாஸ்டர் அவர்கள் எறிவார்கள். அவருக்கு உதவியாளராக… ஒருவர் குறி வைப்பார்."

மாஸ்டர் கூடாரத்திலிருந்து எழுந்து வந்தார். கையில் உண்மைத் தட்டு. பின்னால் தம்பிமுத்து. மாஸ்டர் தட்டைத் தம்பிமுத்துவிடம் கொடுத்துவிட்டு, தலைவரின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினார். பறித்தார் என்று சொல்லமுடியாது. அந்தக் கை அளவுக்கு முன்னால் தலைவரின் கை தானாகவே விட்டுவிட்டது.

"இவர் உதவியாளர் இல்லை," என்றார் மாஸ்டர். "இவர் என்ரை கப்டன்."

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நான் நாலு வரியம் கோச்சா இருந்தனான் எண்டு மலரிலை போட்டிருக்கினம். சரிதான். ஏன் நாலோடை நிண்டது எண்டு போடேல்லை. கடைசி வரியம் நாங்கள் வட்டாரத்திலை வெண்டனாங்கள். டீமைப் படம் எடுக்க யாழ்ப்பாணத்திலையிருந்து ஒராளைக் கூப்பிட்டது. கப்டன் நடுக்கதிரையிலை இருக்கிறது வழக்கம். நான் முத்துவை இருக்கச் சொன்னன். பெற்றோர் சங்கத் தலைவர் வந்து, அவனை நிலத்திலை இருத்தச் சொன்னார். மற்றப் பிள்ளையள் பின்னாலை நிக்க இவன் கதிரையிலை இருந்தால் ஊர் என்ன சொல்லும் எண்டார். கப்டன் கதிரையிலைதான் இருப்பான் எண்டு நான் சொன்னன். இருந்தான். படம் எடுத்தது. அடுத்த நாள் என்ரை விசிலை வாங்கிக்கொண்டு அனுப்பினாங்கள். முத்துவைப் பள்ளிக்கூடத்துக்கே வரவேண்டாம் எண்டாங்கள்."

அவர் தம்பிமுத்துவின் தோளில் கை வைத்தார்.

"எனக்குப் போனது வேலைதான். நான் வேறை வேலை தேடினன். இவருக்குப் போனது விளையாட்டு. என்னைவிட நூறு மடங்கு விளையாட்டுக்காரன் இவர். நீங்கள் என்னைப் பாராட்டுறது எனக்குச் சந்தோசம். ஆனால் பெற்றோர் சங்கத் தலைவர் ஆரெண்டு மறந்துபோனவை, போகேக்கை வாசலிலை ஒருக்கா நிமிர்ந்து பாத்திட்டுப் போங்கோ."

ஒலிவாங்கியைத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பொன்னாடையைக் கழற்றி மடித்து ஒரு வெல்வெட் கதிரையில் வைத்தார். தட்டை வாங்கினார். கால்களை அகட்டினார். ஒருமுறை உடம்பை மெல்லச் சுழற்றிப் பார்த்தார். பிறகு சுழன்றார்.

தட்டு கூட்டத்துக்கு எதிர்த்திசையில்தான் போனது. ஆனாலும் முன்வரிசைப் பிரமுகர்கள் அனைவரும் கதிரையை விட்டு ஓடினார்கள். எண்பது வயதுத் தோளிலிருந்து புறப்பட்ட அந்தத் தட்டு, அவசரமே இல்லாமல் வட்டமிட்டுக்கொண்டு மேலே போய், கறுத்த வானத்தில் ஒரு கணம் மிதந்து, பச்சைப் புல்லில் தொப்பென்று விழுந்தது. தம்பிமுத்து ஓடினார். எழுபது வயதில், வேலைச் சப்பாத்தோடு, இளைஞனைப்போல ஓடி, விழுந்த இடத்தில் தன் குதிக்காலை ஊன்றிக்கொண்டு கையை உயர்த்தினார்.

முதலில் கைதட்டியது கடைசி வரிசையில் இருந்த பிரசாந்தினி. பிறகு இளைஞர்கள். பிறகு பின்வரிசைப் பெண்கள் சிலர். இராஜேந்திரனின் இரு கைகளும் தாமாகவே மேலெழுந்தன. தொண்டையில் பழைய கத்தல் ஒன்று வந்து முட்டியது. அந்த நேரத்தில் வாசலில் நின்ற இரு மடங்குத் தந்தையின் முகம் கண்ணில் பட்டது. உயர்ந்த கைகளை வீணாக்காமல் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

பிரசாந்தினி முன்வரிசைக்கு ஓடிவந்து, தகப்பனின் வெல்வெட் கதிரையை இழுத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனாள்.

"அங்கிள், ப்ளீஸ், இதிலை இருங்கோ. நடுவிலை."

தம்பிமுத்து அவளுடைய தலையில் கை வைத்தார். "இருக்கட்டும் பிள்ளை. எங்கடை வீட்டிலை நல்ல கதிரையள் நிறைய இருக்கு. நீர் அம்மாவோடை ஒருநாள் வாரும்."

மாஸ்டர், தவமலர், தம்பிமுத்து, சுசிலா நால்வரும் வேலை வானில் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். முன்னால் மூன்று பேர்; பின்னால், குழாய்களுக்கும் கருவிகளுக்கும் இடையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டர். மனோர் பார்க்கில் சுசிலா காலையிலேயே நண்டு காய்ச்சி வைத்துவிட்டு வந்திருந்தார். விழாவின் தனிச் சாப்பாடு கூடாரத்தில் அப்படியே இருந்தது.

சாதாரண சங்கமாக இருந்தால் இந்த அடியோடு படுத்திருக்கும். கொன்றையடிச் சங்கம் அடுத்த சனிக்கிழமையே மூன்றாவது "அவசர நிர்வாகசபைக் கூட்டத்தை"க் கூட்டியது.

"எங்களைப் பாகுபாடு பாக்கிற சங்கம் எண்டு அயலூரான் கதைக்கிறான்," என்றார் இராஜேந்திரன். சரியாக நித்திரை கொள்ளாத முகம். "பிள்ளை என்னோடை கதைக்கிறாள் இல்லை. இதுக்கு நாங்கள் ஒரு முடிவு எடுக்கவேணும். இனிமேல் எங்கடை சங்கத்திலை அந்தப் பக்கத்து ஆக்கள் ஒருதரிட்டையும் பாகுபாடு காட்டக்கூடாது. இதை எழுத்திலை கொண்டுவாறம்."

"அருமை, அண்ணை," என்றார் நிரூபன். "ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல். ஆரிட்டைப் பாகுபாடு காட்டக்கூடாது எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது அதில் பழைய ஒளி வந்திருந்தது.

"கேக்கவேணும். இனிமேல் புதுசாச் சேருற ஒவ்வொருத்தரிட்டையும், குளத்துக்கு இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ எண்டு முதலே கேட்டு வைக்கவேணும். அப்பதான் ஆளைப் பாத்துப் பாகுபாடு காட்டாமல் இருக்கலாம்."

சமத்துவத்துக்காக லண்டன் மாநகரில் இதுவரை எந்தத் தமிழ்ச் சங்கமும் எடுத்திராத அந்தத் துணிச்சலான தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்த்து வாக்களிக்க அந்தப் பக்கத்தார் ஒருவரும் அந்த அறையில் இருக்கவில்லை.